பஃபேக்குப் பக்கத்துல கர்ணன் சாகலாமா?

போன டிசம்பர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் போன் பண்ணார். கடலூர், சிதம்பரம் பக்கம் ஒரு விடுதியில மேனேஜர். "சார், உங்களுக்குத்தான் கூத்துக்காரங்க எல்லாம் பழக்கமாச்சே. வெளிநாட்டு கெஸ்ட் முப்பது பேர் வர்றாங்க. சாயங்காலத்துக்கு ஒரு புரோகிராம் போட்டுக் கொடுங்களேன்" என்றார். நானும் பெருமையா மண்டையை ஆட்டிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

போய்ப் பார்த்தா அவர்கிட்ட ஏற்கெனவே பட்டியல் ரெடி. 7 மணிக்கு மாலை, பொட்டு. 7.15க்கு பரதம் பத்து நிமிஷம். அப்புறம் பறை பத்து நிமிஷம். அப்புறம் தெருக்கூத்து கால் மணி நேரம். கடைசியா குத்துப்பாட்டு, எல்லாரும் ஆடலாம். இத்தனையும் நடக்கும்போதே ஓரமா பஃபே. நான் முனகினேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார்.

கூத்து வாத்தியார்கிட்ட நான்தான் பேசினேன். அரிதாரம் பூசி, கட்டை கட்டி முடிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். கர்ண மோட்சத்துல ஒரு கட்டம் மட்டும் ஆடறோம்னார். அன்னிக்கு கர்ணன் அம்பு பட்டு விழுந்து பாட ஆரம்பிக்கிறான், பின்னாடி தோசைக்கல்லுல சொய்ங்! பதினோராவது நிமிஷம் மேனேஜர் வாட்ச்சைத் தட்டிக் காட்டறார். பாட்டு பாதியில நின்னுபோச்சு. அப்புறம் கிரீடத்தோட நிக்க வெச்சு செல்ஃபி. கூத்துக்காரங்களுக்குச் சாப்பாடு சமையல்கட்டுக்குப் பின்னால, பொட்டலத்துல. பேசின காசுலயும் ஆயிரம் ரூபாய் பிடிச்சுக்கிட்டாங்க. முழுசா கால் மணி நேரம் ஆடலையாம்!

வேன்ல ஏறும்போது வாத்தியார் கேட்டார்: "கர்ணன் செத்தானா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்னத்த சொல்ல.

இதை நண்பர் ஒருத்தர்கிட்ட புலம்பினா, "மழைக்காலத்துல கூத்து கிடையாது. நாலு காசு வர்றதைக் கெடுக்காதீங்க" என்கிறார். சரியான பேச்சுதான். திரௌபதி அம்மன் திருவிழா பெரும்பாலும் கோடையிலதான். விடுதிக்குக் கூட்டம் வர்ற டிசம்பர்ல இவங்களுக்கு வேலை இல்ல. அதனாலதான் இதை ஒழுங்கா செய்யணும்னு கத்தறேன். வேண்டாம்னா சொன்னேன்?

கலையைச் சுருக்கக்கூடாதுன்னும் நான் சொல்லல. விடிய விடிய ஆடற கதகளியை கொச்சியில டூரிஸ்ட்டுக்காக ஒண்ணரை மணி நேரம் போலச் சுருக்கித்தான் ஆடறாங்க. ஆனா வேஷம் போடறதையே முதல்ல உட்கார்ந்து பார்க்க வைக்கறாங்க. முத்திரைக்கு அர்த்தம் சொல்றாங்க. பாலித் தீவுல 1971லயே கூடிப் பேசி, கோயிலுக்குள்ள மட்டும் ஆடற நடனம் எது, சடங்கை ஒட்டி ஆடறது எது, விருந்தாளிக்கு ஆடறது எதுன்னு மூணா வகுத்துட்டாங்க. நம்ம ஊர்ல இதையெல்லாம் முடிவு பண்றது யாரு? பஃபே மெனு போடறவர்!

விமர்சனம் மட்டும் பண்ணிட்டு ஓடக்கூடாது இல்லையா, என் பட்டியல் இதோ:

1. கெஸ்ட்டை கலைகிட்ட கூட்டிட்டுப் போங்க. சிதம்பரம் கோபுர வாசல்ல 108 கரணமும் கல்லுல நிக்குது. காலையில அதைப் பார்த்துட்டு வந்தவனுக்கு சாயங்காலம் பரதம் வேற மாதிரி தெரியும். பிச்சாவரத்துல படகுல சுத்திட்டு, அப்படியே ரூமுக்குத் திருப்பி அனுப்பிடாதீங்க.

2. மகாசிவராத்திரி சமயத்துல கெஸ்ட் வந்தா நீங்க எந்த புரோகிராமும் போட வேண்டாம். 1981ல தொடங்கின நாட்டியாஞ்சலி இருக்கு. வண்டி மட்டும் ஏற்பாடு பண்ணுங்க.

3. ஒரு சாயங்காலத்துக்கு ஒரே கலை. கூத்துன்னா ஒரு மணி நேரம், ஒரே கட்டம், ஆரம்பம் முதல் முடிவு வரை. வேஷம் கட்டறதையும் பார்க்க விடுங்க. கதையைச் சொல்ல ஒரு ஆள் வேணும். கட்டியங்காரனையே ரெண்டு வார்த்தை பேச விட்டா அவன் பாஷை தெரியாதவனையும் சிரிக்க வெச்சிடுவான்.

4. ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் சாப்பாடு. கூத்துக்காரங்களும் அதே மேசையில.

5. பேசின காசு முழுசா, அன்னிக்கே, கையில.

இதுல எதுக்கும் கூடுதல் செலவு பெருசா கிடையாது. குத்துப்பாட்டு ஸ்பீக்கர் வாடகை மிச்சம்.

டிஸ்கி: அந்த ஆயிரம் ரூபாயை நான் என் கையிலிருந்து கொடுத்தேன். வாத்தியார் வாங்கிக்கல. "விடுதிக்காரங்க கொடுத்தா வாங்கிக்கறேன்" என்றார். மேனேஜர் சார், நீங்க இதைப் படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.