‘மொழி’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

வரும் மாதத்திற்கான நாடக நிரல் கைக்கு வந்திருக்கிறது. பெங்களூருக்கு ஆய்வு மாணவனாக வந்த நாள்முதல் மாதந்தோறும் நான் தவறாமல் படிக்கும் ஆவணம் இது ஒன்றுதான். ஜே.பி. நகரில் ‘ரங்க சங்கரா’ அரங்கு இருக்கிறது. சங்கர் நாக்கின் நினைவாக, அருந்ததி நாக்கின் பெருமுயற்சியால், 2004இல் திறக்கப்பட்டது. ‘நாளுக்கொரு நாடகம்’ என்ற கொள்கையோடு இயங்கும் அரங்கு இருக்கும் நகரத்தில் வாழ்வது ஒரு பேறு. அங்கும், ரவீந்திர கலாக்ஷேத்திராவிலும், ஹனுமந்தநகரின் கலாசௌதாவிலும் நடக்கவிருக்கும் நாடகங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, உதவித்தொகை வரும் நாளைக் கணக்கிட்டு, எவற்றுக்குச் செல்வது என்று முடிவு செய்வது என் வழக்கம்.

நிரலில் பொதுவாக நான்கு செய்திகள் இருக்கும்: நாள், நாடகம், குழு, மொழி. மொழியியல் படித்த குறையோ என்னவோ, என் கண் முதலில் செல்வது கடைசிக் கட்டத்துக்குத்தான். ‘கன்னடம்’, ‘இந்தி’, ‘ஆங்கிலம்’ என ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரே சொல். இம்முறை நிரலில் பாதி, பழைய நாடகங்களின் மீளாக்கங்கள். வடமொழிப் பிரகசனம் ஒன்று கன்னடத்தில் கேலிக்கூத்தாக வருகிறது. ஷேக்ஸ்பியரின் இன்பியல் ஒன்று பாட்டும் ஆட்டமுமாக இந்தியில் வருகிறது. மீதியில் இரண்டு மூன்று, இளைஞர்கள் புதிதாக எழுதியவை. இந்த இரு வகைகளில் எதற்கு முதலில் செல்ல வேண்டும் என்பது பற்றி எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. அக்கருத்து ஒரு குற்றவுணர்வில் பிறந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில காலத்துக்கு முன் இதே நகரில் ஒரு புதிய நாடகம் நிகழ்ந்தது. ஸ்ரீராமபுரத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றியது என்று பின்னர் அறிந்தேன். தாய் மகனை அதட்டுவது தமிழில். மகன் தெருவில் நண்பர்களோடு பேசுவது கன்னடத்தில். வாடகைக்காரரோடு பேரம் தக்கனியில். தேர்வுக்குப் படிப்பது ஆங்கிலத்தில். நான் முனைவர் பட்டத்துக்காக ஆராய்வது பெங்களூர்த் தமிழரின் மொழிக்கலப்பு. அதாவது, எனக்காகவே எழுதப்பட்டது போன்ற நாடகம். ஆனால் நான் அதற்குச் செல்லவில்லை. நிரலில் அதன் மொழி ‘கன்னடம்’ என்றிருந்தது; ஆசிரியர் பெயரும் எனக்குப் புதிது. அதே வார இறுதியில், ஏற்கெனவே இருமுறை பார்த்த பழைய நாடகம் ஒன்றுக்கு மூன்றாம் முறையாகச் சென்றேன்.

புதிய நாடகம் மூன்று நிகழ்வுகளோடு நின்றுபோயிற்று. பிறகு விசாரித்தபோது எழுத்துப்படி அச்சாகவில்லை என்றார்கள். ஒத்திகையில் மாற்றிய பகுதிகள் நடிகர்களின் நினைவில் மட்டுமே இருந்தன. அந்நடிகர்களோ வெவ்வேறு வேலைகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டனர். ஒலிப்பதிவுக் கருவியுடன் வீடுவீடாக ஏறி இறங்கி நான் திரட்டிக்கொண்டிருந்த பேச்சை, அதனினும் கூர்மையான செவி ஒன்று கேட்டு எழுதி, மேடையேற்றி, இழந்தும்விட்டது. ‘கன்னடம்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை நம்பியது என் பிழை.

அந்தக் கட்டத்தில் ஒரே மொழியை எழுதுவது பழைய நாடகங்களுக்கும் பொருந்தாது என்பதுதான் வியப்பு. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ இன்று நிரலில் வந்தால் மூலமொழி ‘சமஸ்கிருதம்’ என்றே குறிப்போம். ஆனால் அதன் மாந்தருள் பெரும்பாலோர் பேசுவது பிராகிருதங்கள். உரையாசிரியர் பிருதிவீதரர் அவற்றை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். தொடக்கத்தில் சமஸ்கிருதத்தில் பேசிக்கொண்டு வரும் சூத்திரதாரி, இனிப் பிராகிருதத்தில் பேசப்போகிறேன் என்று அறிவித்துவிட்டே மொழி மாறுகிறான். பசியோடு வீட்டுக்குள் நுழைந்து மனைவியிடம் உணவு கேட்கப் போகிறவனுக்கு அதுதானே பொருத்தம்? அரசனின் மைத்துனனான சகாரன், பிறர் ‘ஸ’ என்று ஒலிக்குமிடத்தில் ‘ச’கரச் சாயல் ஒலியைப் போட்டுக் குழப்புகிறான், அவன் பெயரே அவ்வொலியைச் சுட்டுகிறது. இராமாயண மாந்தரையும் பாரத மாந்தரையும் ஒன்றாக்கி உவமை சொல்லித் தன் அறியாமையைத் தானே பறைசாற்றுகிறான். விதூஷகனாகிய மைத்திரேயனோ, பெண் சமஸ்கிருதம் படிப்பதும் ஆண் மெல்லிய குரலில் பாடுவதும் தனக்குச் சிரிப்பூட்டுவதாகச் சொல்கிறான். யார் எந்த மொழி பேசலாம் என்ற சமூக விதி அங்கே வெறும் பின்புலமாக இல்லை. அதுவே நகைச்சுவையாகவும், பல இடங்களில் நாடகமாகவும் இருக்கிறது.

நம் காஞ்சியைக் களமாகக் கொண்டு மகேந்திரவர்ம பல்லவர் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசன’மும் இத்தகையதே. குடிமயக்கத்தில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகனும் அவன் துணைவியும் ஒரே மொழியில் பேசிக்கொள்வதில்லை. அவன் சமஸ்கிருதத்தில் பேச, அவள் பிராகிருதத்தில் விடை சொல்கிறாள். வகுப்பறையில் இதை ‘நாடக மரபு’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஸ்ரீராமபுரத்து வீட்டில் கேட்பதற்கும் இதற்கும் தன்மையில் பெரிய வேறுபாடு இல்லை.

பழைய நாடகத்தை விளையாட்டாக மீட்பது என்பது இன்று கண்டுபிடித்த உத்தியும் அன்று. கேரளத்துக் கூடியாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்த, பழமை மாறாதது என்று நாம் போற்றும் கலை அது. அதில் விதூஷகன் மலையாளத்தில் பேசுகிறான். நாயகன் சொன்ன சமஸ்கிருதச் செய்யுளை அவையோருக்கு விளக்குகிறான். அதோடு நில்லாமல், காதலியைப் புகழும் செய்யுளுக்கு எதிராகச் சோற்றையும் கறியையும் புகழும் கேலிச் செய்யுளையும் பாடுகிறான். குலசேகர வர்மனும் அவன் அவையைச் சேர்ந்த தோலனும் இம்முறையைக் கொண்டுவந்தனர் என்பது வழிவழிச் செய்தி. செவ்வியல் நாடகம் ஊராரின் மொழியை உள்ளே விட்டதனால்தான் அங்கே பிழைத்தது.

நம் காலத்தில் இதை முழுமையாக உணர்ந்தவர் ஹபீப் தன்வீர். 1958இல் தில்லியில் ‘மிருச்சகடிக’த்தை ‘மிட்டி கி காடி’யாக மேடையேற்றியபோது சத்தீஸ்கரின் நாட்டுப்புறக் கலைஞர்களை அழைத்துவந்து நடிக்க வைத்தார். ஆயினும் அந்தக் கலைஞர்களை இந்தியில் பேச வைத்தது தம் தவறு என்பதை உணர அவருக்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. எழுபதுகளில் அவர்களைத் தங்கள் சத்தீஸ்கரியிலேயே பேசவிட்டார். பேச்சு விடுபட்டதும் உடலும் விடுபட்டது. 1975இன் ‘சரண்தாஸ் சோர்’ அதன் விளைவு. பிறகு ‘மிட்டி கி காடி’யும் சத்தீஸ்கரியில் மீண்டும் உருவாயிற்று. சூத்திரகரின் பன்மொழி மேடைக்கு நெருங்கிவர அவருக்கு உதவியது பிராகிருத இலக்கணம் அன்று. உயிரோடிருந்த ஒரு வட்டாரப் பேச்சு.

இங்கே ஒரு முறையீடும் உண்டு. விளையாட்டான மீளாக்கம் என்ற பெயரில் இன்று நாம் காண்பவற்றில் பல, உடையையும் பொருளையும் மட்டுமே மாற்றுகின்றன. அரசன் கையில் கைப்பேசி, தோழி ‘செல்ஃபி’ எடுப்பாள், தேர்தல் பற்றி ஒரு துணுக்கு, கைதட்டல். ஆனால் எல்லோரும் ஒரே பொதுமொழியில், ஒரே தொனியில் பேசுவர். பணிப்பெண்ணுக்கும் அமைச்சனுக்கும் பேச்சில் வேறுபாடே இராது. மூலநாடகம் அடுக்கிவைத்திருந்த சமூகப் படிநிலையை முற்றாக அழித்துவிட்டு அதன் மேல் கைப்பேசியை வைப்பது மீட்பாகாது. வட்டார வழக்கைக் கொண்டுவருவோரிலும் சிலர் அதைப் பணியாளர் வேடத்துக்கு மட்டும் ஒதுக்கி, சிரிப்புக்கான ஒலியாக்கிவிடுகின்றனர். இது அதனினும் கொடிது.

தமிழராகிய நாமும் இதில் குறையற்றவர் அல்லர். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மிருச்சகடிக’த்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கினார். அந்தப் பெயரின் அழகு ஒன்றே போதும், அவர் புலமைக்குச் சான்று. அன்றைய புலமை மரபுக்கேற்ப நூல் செந்தமிழ் நடையில் அமைந்தது, படிப்பதற்கு இனியது. ஆயினும் இன்று ஒருவர் அதை மேடையேற்ற விரும்பினால், சகாரனுக்கு எந்தத் தமிழ், வசந்தசேனைக்கு எந்தத் தமிழ், சூதாடிக்கு எந்தத் தமிழ் என்று புதிதாகக் கேட்டாக வேண்டும். அக்கேள்விக்கு விடை, ஏடுகளைவிட, இன்று எழுதப்படும் புதிய நாடகங்களில்தான் கிடைக்கும்.

என் வாதம் இவ்வளவே: புதிய எழுத்து இல்லாமல் நல்ல மீளாக்கம் இல்லை. நிகழ்காலப் பேச்சைக் கேட்டு எழுதும் செவிகள் ஒரு நகரத்தில் குறைந்துபோனால், அந்நகரம் பழைய நாடகங்களையும் பொதுமொழியில்தான் மீட்கும்.

நாம் இன்று செவ்வியல் என்று வரிசையில் நின்று பார்ப்பவையும் ஒருகாலத்தில் அறிமுகமற்ற பெயர்களின் புதிய எழுத்துகளே. கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ 1964இல் கன்னடத்தில் வெளிவந்தபோது அவருக்கு வயது 26. இதைப் படிக்கும் ஆய்வாளர் பலரைவிட இளையவர். (துக்ளக் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது 1968இல் சோ எழுதிய வேறொரு நாடகம் என்பதையும் அறிவேன்.) மோகன் ராகேஷின் ‘ஆஷாட் கா ஏக் தின்’ 1958இன் புதிய நாடகம், அதன் நாயகன் காளிதாசன். பழமையும் புதுமையும் பகைவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பாதல் சர்க்காரின் வங்க நாடகமான ‘ஏவம் இந்திரஜித்’தை ஆங்கிலத்தில் தந்தவர் கர்னாட், அவருடைய ‘துக்ளக்’கை இந்துஸ்தானிக்குக் கொண்டுசென்றவர் பி.வி. காரந்த்; அதை எழுபதுகளில் தில்லியின் பழைய கோட்டையில் மேடையேற்றியவர் இப்ராஹிம் அல்காசி. ஒரு மொழியின் புதிய நாடகம் சில ஆண்டுகளுக்குள் பிற மொழி மேடைகளில் ஏறியதால்தான் அவை நிலைத்தன. அந்தக் கைமாற்றம் இன்று மெலிந்திருக்கிறது.

குழுக்களைக் குறைசொல்வது எளிது. அறிந்த பெயருக்கு இருக்கைகள் நிரம்புகின்றன. அறியாத பெயருக்கு நிரம்புவதில்லை. அரங்க வாடகையும் ஒளியமைப்புச் செலவும் இரண்டுக்கும் ஒன்றே. இழப்பை அவர்கள்தான் தாங்குகிறார்கள். ஆகவே பொறுப்பில் பெரும்பங்கு பார்வையாளருக்கு. அவர்களுள்ளும் படித்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு. கருத்தரங்குகளில் ‘நிகழ்த்துதல்’ குறித்துக் கட்டுரை வாசிக்கும் நம்முள் எத்தனை பேர் கடந்த மாதம் ஒரு புதிய நாடகத்துக்குச் சீட்டு வாங்கினோம்? கேள்வி என்னையும் சேர்த்தே.

கலந்த மொழியில் எழுதினால் எல்லோருக்கும் புரியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். ‘மிருச்சகடிக’த்தை அன்று கேட்டவர் அனைவருக்கும் ஏழு பிராகிருதமும் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சொல் புரிவதற்கு முன்பே பேசுபவர் யார் என்பது செவிக்குப் புரிந்துவிடுகிறது. பெங்களூர்க் கன்னட இளைஞர் ஒருவரையொருவர் ‘மச்சா’ என்று அழைப்பதைக் கேட்பதற்கு யாரும் தமிழ் இலக்கணம் படித்துவிட்டு வரவில்லை.

எனவே, நீங்கள் எந்த நகரில் இருந்தாலும், வரும் மாதத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, கையில் ஒரு நாடகத்துக்கு மட்டுமே பணமிருந்தால் அதைப் புதிய எழுத்துக்குத் தாருங்கள். பழையது மீண்டும் வரும். இரண்டாவது, மீளாக்கத்துக்குச் சென்றால் யார் எந்த மொழியில் பேசுகிறார், யாரிடம் பேசும்போது மாற்றுகிறார் என்று செவிகொடுத்துக் கேளுங்கள். எல்லோரும் ஒன்றுபோலப் பேசினால் வெளியே வந்து அதைக் குழுவினரிடம் சொல்லுங்கள். மூன்றாவது, மொழியியல், இலக்கியத் துறைகளில் இருப்போருக்கு: நாடகம் முடிந்ததும் எழுத்துப்படியைக் கேட்டு வாங்குங்கள், ஆசிரியரின் இசைவோடு பாதுகாத்து வையுங்கள், முடிந்தால் ஒன்றையேனும் உங்கள் மொழியில் பெயருங்கள். நாம் நடத்தும் கருத்தரங்கு ஒன்றின் தேநீர்ச் செலவு, ஒரு நாடகத்தை அச்சிடப் போதும் என்றே நினைக்கிறேன்.

நான் இம்முறை முதலில் குறித்துக்கொண்டது, ஆசிரியர் பெயரை இதுவரை கேள்விப்பட்டிராத ஒரு நாடகத்தை. மொழி: ‘கன்னடம்’ என்றிருக்கிறது. இனி அச்சொல்லை நான் நம்பப்போவதில்லை. நேரில் சென்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். ரங்க சங்கராவில் ஏழரை மணி நாடகத்துக்கு ஏழரைக்கே கதவை அடைத்துவிடுவார்கள். தாமதமாக வருவோருக்கு, எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும், கதவு திறக்காது. உடன் வர விரும்புவோர் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள்.