விளக்கு இல்லாத விளக்குப் பூச்சி!

உங்க லேப் ரெக்கார்டுல இருக்கிற ரீடிங் எல்லாம் நீங்களே எடுத்ததா, இல்லை சீனியர் நோட்டிலிருந்து சுட்டதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க! நானும் உங்க கட்சிதான். ஆனா, சரிபார்க்காத ஒரு ரீடிங் எவ்வளவு தூரம் ஓடும்னு தெரிஞ்சா மிரண்டுடுவீங்க.

மரியா சிபில்லா மெரியன்னு ஒரு ஓவியர். 1699-ல் கப்பலேறி தென் அமெரிக்காவில் இருக்கிற சுரிநாம் போய், பூச்சிகளை உயிரோட வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைஞ்சவங்க. அப்பேர்ப்பட்டவங்களே 1705-ல் வந்த புத்தகத்தில், ஒரு பூச்சியோட தலை வெளிச்சத்தில் செய்தித்தாள் படிக்கலாம்னு எழுதிட்டாங்க. 1758-ல் லின்னேயஸ், லாந்தர்னு அர்த்தம் வர்ற மாதிரி 'லேட்டர்னேரியா'ன்னு பெயரே வெச்சுட்டார். இன்னிக்கு முழுப் பெயர் ஃபல்கோரா லேட்டர்னேரியா. நிஜத்தில் அது ஒளிர்றதே இல்லை பாஸ்!

சரி, பெயரை நம்பாம எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

தலை: முன்னாடி வேர்க்கடலை மாதிரி ஒரு புடைப்பு. உள்ளே காலி! பக்கவாட்டில் பார்த்தா குட்டி முதலை. கண்ணு, பல் எல்லாம் தெரியும். அத்தனையும் டூப்பு! நிஜக் கண்கள் அந்தப் புடைப்புக்குப் பின்னாடி, சின்னதா இருக்கும்.

இறக்கை: மூடியிருந்தா மரப்பட்டை நிறம். விரிச்சா, பின் இறக்கை ரெண்டிலும் ஆந்தைக் கண் மாதிரி பெரிய வட்டம். எதிரியை மிரட்டத்தான்!

வாய்: கடிக்கிற பல் கிடையாது. மரச்சாறு உறிஞ்ச ஒரு குழல், அவ்வளவுதான். மின்மினிக்கு இது உறவே இல்லை, சில்வண்டுக்குத்தான் சொந்தம்.

ஒரு எச்சரிக்கை. இதே பேரினத்தில் கிட்டத்தட்ட இதே முகத்தோட வேற இனங்களும் இருக்கு. அதனால தலையின் வடிவத்தைப் பக்கவாட்டில் பார்க்காம முடிவு கட்டாதீங்க.

இதில் சோகம் என்னன்னா, பிரேசில் கிராமங்களில் இதைக் கொடிய விஷப் பூச்சின்னு பயந்து அடிக்கிற வழக்கம் உண்டு. கொட்டவும் தெரியாத, கடிக்கவும் தெரியாத பூச்சி! யாரோ சொன்னதை யாரும் சரிபார்க்காததுக்கு உயிரை விடுறது அதுதான்.

எனக்கு நாளைக்கு லேப். ரெக்கார்டுல மூணு ரீடிங் பாக்கி. சீனியர் நோட்டு பக்கத்திலேயேதான் இருக்கு... ஆனா, இந்தத் தடவை நானே எடுக்கப் போறேன். அப்ப நீங்க?