தண்ணீர்க் கணக்கு யார் கையில்?

பாலாறு ஓடும் சீமையில் குடிதண்ணீருக்குத் தவிப்பு ஏன்? ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியும், பக்கத்து ஊரில் களை பறிக்கும் விவசாயத் தொழிலாளியும் கேட்கும் கேள்வி இது.

இன்று விஞ்ஞானிகள் பெரும் பிரதேசங்களின் தண்ணீருக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். இது படித்தவர் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. நம் கிணற்றின் தலைவிதி அதில் எழுதப்படுகிறது.

கணக்கு எளிது. மழை வரவு. ஆவியாகப் போனதும், ஆற்றில் ஓடிப்போனதும் செலவு. மண்ணிலும் நிலத்தடியிலும் தங்குவது இருப்பு. ஆனால் நந்திமலையிலிருந்து கடல் வரை 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றின் படுகை முழுவதிலும் ஆவியாவதை யார் அளக்க முடியும்? ஆகவே மழை, வெயில், காற்று, மண், பயிர் விவரங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டர் மாதிரிகளால் மதிப்பிடுகிறார்கள். ஒரே மாதிரியை நம்பாமல் பலவற்றை ஓடவிட்டு ஒப்பிடுகிறார்கள்.

இது நமக்குத் தெரியாத முறையல்ல. அறுப்புக்கு முன் வயலைப் பார்த்து ஒருவர் 20 மூட்டை என்பார். இன்னொருவர் 26 என்பார். நாலு பேர் மதிப்பைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையை நெருங்கலாம். அவர்களுக்குள் உள்ள வித்தியாசம், எவ்வளவு நிச்சயமாகச் சொல்லலாம் என்பதையும் காட்டும். ஆனால் இரவில் மாடு மேய்ந்ததை நாலு பேருமே பார்க்கவில்லையென்றால்? நாலு மதிப்பும் சேர்ந்தே பிசகும்!

அந்த மாடுதான் மோட்டார். மாதிரிகள் பலவற்றில் மோட்டார் இறைக்கும் தண்ணீருக்கு இடமே இல்லாதிருந்தது. 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புவியீர்ப்பை அளக்கும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் தண்ணீரின் மொத்த எடை மாறுவதைச் சொல்லின. அதிலிருந்து மாதிரிகள் காட்டிய மண் ஈரத்தைக் கழித்தார்கள். 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், டெல்லி பிரதேசத்தில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது அம்பலமாயிற்று. மழை பொய்க்கவில்லை, இறைப்புதான் காரணம்.

ஆகவே விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை அனுமதிக்க மாட்டோம்.

அந்தச் செயற்கைக்கோளின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். வாணியம்பாடியையும் வாலாஜாவையும் அது பிரித்துப் பார்க்காது. சர்க்கார் பகுதி வாரியாக வேறொரு கணக்குப் போடுகிறது. ஆண்டுக்கு எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் 70 சதவீதத்துக்கு மேல் எடுக்காவிட்டால் 'பாதுகாப்பானது'. 100-ஐத் தாண்டினால் 'மிகையாக உறிஞ்சப்பட்டது'. இது அளவுக் கணக்கு. கெட்டுப்போன கிணற்றை யாரும் இறைப்பதில்லை. இறைக்காவிட்டால் செலவு குறையும். செலவு குறைந்தால் காகிதத்தில் நிலைமை தேவலை என்று தோன்றக்கூடும்! பகுதி முழுவதும் உவர் நீரானால் தனி வகுப்பு உண்டு. உள்ளே கெட்ட இருபது கிணறுகளோ சராசரியில் மறைந்துவிடும்.

இது வெறும் கற்பனையா? 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அது குறித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதே அங்கு நிலைநாட்டப்பட்ட நியாயம். ஆனால் 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட் மறுபடியும் நஷ்டஈடு கொடுக்கவும், மேற்பார்வைக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது!

"தண்ணீரைப் பற்றிப் பேசினால் ஆலை மூடும், வேலை போகும்" என்று மிரட்டுவார்கள். தொழிலாளியையும் விவசாயியையும் மோதவிடும் சூழ்ச்சி இது. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். கிணற்றைக் கெடுக்கும் அலட்சியமே தொழிலாளியின் உயிரையும் குடிக்கிறது. இருவருக்கும் பாதுகாப்பு ஒன்றுதான்.

ஆகவே நாம் கோருவது:

பகுதி வாரியான தண்ணீர்க் கணக்கைத் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் படித்துக் காட்டு! சராசரியோடு, குறைந்த மதிப்பையும் கூடிய மதிப்பையும் சொல்!

ஆலைகள் இறைக்கும் தண்ணீருக்கு மீட்டர் வை, அளவைப் பகிரங்கப்படுத்து!

கெட்டுப்போன நீரை இருப்பில் சேர்க்காதே. தனி இனமாகக் காட்டு!

நிலம் உள்ளவருக்கு மட்டுமல்ல, தரிசான நிலத்தில் கூலி இழந்த விவசாயத் தொழிலாளிக்கும் நஷ்டஈடு கொடு!

கூலிக் கணக்கை மேஸ்திரி கையில் விட்டுவிட்டு நாம் சும்மா இருப்பதில்லை. தண்ணீர்க் கணக்கிலும் அப்படித்தான். ஊர் ஊராகக் கிணறுகளைப் பார்ப்போம், நீர்மட்டத்தைக் குறிப்போம், தண்ணீரின் குணத்தையும் எழுதி வைப்போம். கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கின் பக்கத்தில் நம் கணக்கையும் வைத்து நியாயம் கேட்போம்!