காகிதம் விரியாது

என் அம்மா தையல்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். குடைப் பாவாடை வெட்டுவதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார். துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து டேப்பை வைத்து, சாக்பீஸால் கால் வட்டம் போடுவார். மூலையிலிருந்து எத்தனை இன்ச்?

"இடுப்பு அளவ ஆறால வகுத்துக்க. வர்றதுல கால் இன்ச் குறைச்சுக்க. அவ்வளவுதான்."

"ஏம்மா கால் இன்ச்?"

"வட்டமா வெட்டுனா துணி விரியும்டா. குறைக்கலேன்னா இடுப்புல நிக்காது."

அப்போது நான் பத்தாம் வகுப்பு. அந்த வருடம் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். வட்டத்தின் சுற்றளவு 2πr என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இடுப்பு என்பது சுற்றளவு, சாக்பீஸ் கோடு போடுவது ஆரத்தில், ஆகவே ஆறு என்பது 2π-யின் தையற்கடைப் பெயர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தபோது வயது முப்பத்திரண்டு. சாஃப்ட்வேர் வேலையில் பத்து வருடம் ஓட்டியாயிற்று. ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அக்கா மகளுக்குப் பாவாடை வெட்டிக்கொண்டிருந்தார். 28-ஐ ஆறால் வகுத்தால் நாலே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி, 4.67. கால் இன்ச் கழித்தால் 4.42. ஃபோனில் 28-ஐ 6.28-ஆல் வகுத்துப் பார்த்தேன். 4.46.

எனக்குப் பெருமையாக இல்லை, அவமானமாக இருந்தது. அந்த நூறு மார்க் எதற்கான மார்க்?

இந்தக் கேள்வியை வைத்துத்தான் 'செயல்வழிக் கணிதம்' என்று இன்று எல்லோரும் பேசுகிற விஷயத்தோடு சண்டை போட வருகிறேன். அதை எதிர்ப்பவர்களோடு மட்டுமல்ல, ஆதரிப்பவர்களோடும்தான். ஆதரிப்பவர்களோடுதான் சண்டை கொஞ்சம் அதிகம்.

எங்கள் பள்ளியிலும் செயல்பாடு இருந்தது. வருடத்துக்கு ஒரு கண்காட்சி. தெர்மகோலில் பிதாகரஸ் தேற்றம், மூன்று பக்கத்திலும் கலர் பேப்பர் ஒட்டிய சதுரங்கள். நான்தான் செய்தேன். 3, 4, 5 என்று வெட்டவேண்டியதில் 5-ஐ வெட்டும்போது தெர்மகோல் கொஞ்சம் உடைந்துவிட்டது. இடைவெளி தெரியாமல் இருக்க ஜிகினா ஒட்டினோம். முதல் பரிசு கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் அந்த ஜிகினா ஒட்டிய இடத்தில்தான் பாடமே இருந்தது. பக்கங்கள் பொருந்தவில்லை என்றால் தப்பு தேற்றத்திலா, என் கத்தியிலா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறைக்கத்தான் கற்றுக்கொண்டேன்.

என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. எப்போதுமே பாஸ் ஆகிற டெஸ்ட், டெஸ்ட்டே இல்லை. கோடை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்போம். அப்போதும் பச்சை காட்டினால் அந்த டெஸ்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பள்ளிகளில் நடக்கும் கணிதச் செயல்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். கூம்பில் மூன்று தரம் மணலை அள்ளி உருளையில் கொட்டினால் நிரம்பும். நிரம்பும் என்று கொட்டும் முன்பே கரும்பலகையில் எழுதியாகிவிட்டது. நிரம்பாவிட்டால் ஆசிரியர் கையால் தட்டி நிரப்பிவிடுவார். மாணவன் பார்ப்பது சோதனையை அல்ல, சடங்கை.

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரைபடப் பாடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பெண் வெவ்வேறு அளவில் வட்டங்கள் வரைகிறாள். விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் வரைபடம் வரைய வேண்டும். அருமையான யோசனை! ஆனால் அட்டவணை ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கிறது. விட்டம் 1, 2, 3, 4, 5. சுற்றளவு 3.1, 6.2, 9.3, 12.4, 15.5. நூலை வளைத்து வட்டத்தை அளந்த எந்த மனிதக் கைக்கும் இப்படி அட்சரம் பிசகாமல் 3.1, 3.1 ஆகக் கூடும் எண்கள் கிடைக்காது. அந்தப் பெண் எதையும் அளக்கவில்லை. அவள் சார்பாக விடையிலிருந்து பின்னோக்கி அளந்துவிட்டார்கள். நம் மாணவர்களுக்கு மிச்சம் வைத்தது புள்ளி வைத்துக் கோடு இழுக்கிற வேலை. பொதுத்தேர்வில் அதற்கு 8 மார்க்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. இணைகோடுகள் போட்ட தளத்தில் ஊசிகளை எறிந்து, எத்தனை ஊசி கோட்டைத் தொடுகிறது என்று எண்ணி, π-யின் மதிப்பைக் கண்டுபிடிக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் பஃபோனின் யோசனை. 1901-இல் லாசரினி என்ற இத்தாலியர் 3408 முறை எறிந்து 355/113 என்று விடை அறிவித்தார். π-யோடு ஆறு தசம இடங்களுக்குப் பொருந்துகிற எண் அது. அவர் சொன்ன கணக்குப்படி 1808 ஊசிகள் கோட்டைத் தொட்டன. ஒரே ஒரு ஊசி குறைவாகத் தொட்டிருந்தால் விடை 3.143 ஆகியிருக்கும். ஒன்று கூடியிருந்தால் 3.140. 3408 எறிதலில் ஒரு ஊசிகூடப் பிசகவில்லையாம். விடையை முதலில் வைத்துக்கொண்டு எண்களைச் சமைத்திருக்கிறார் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிய நம் எல்லோருக்கும் லாசரினிதான் மூதாதை.

'கணித ஆய்வகம் கொண்டு வாருங்கள், மார்க் கொடுங்கள்' என்பவர்களுக்கும் இதுதான் என் பதில். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைக்கு 25 மார்க் இருக்கிறது. அதில் சோதனை எவ்வளவு, ரெக்கார்டு நோட்டின் அட்டை எவ்வளவு என்று அந்த வழியாக வந்தவர்கள் சொல்லட்டும். மார்க் வந்தால் கூடவே 'சரியான' ரீடிங்கும் வந்துவிடும். பெட்டி நிறையப் பிளாஸ்டிக் வடிவங்களை அடுக்கி 'மேத்ஸ் கிட்' என்று விற்பவர்களும் விற்பது ஜிகினாவைத்தான். தப்பாகவே பொருந்த முடியாதபடி அச்சில் வார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் நல்ல செயல்பாடு எது? செய்து பார்க்கிறவனுக்கு விடை முன்னமே தெரிந்திருக்கக் கூடாது. அவன் தோற்க வழி இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் நிபந்தனை.

அம்மாவின் கணக்கையே வகுப்புக்குக் கொண்டு போவோம். ஆறால் வகுத்தால் பாவாடை லூசாகிறது. ஏன்? 'துணி விரியும்' என்பது அம்மாவின் விளக்கம். அது தப்பில்லை, குறுக்குவாட்டில் வெட்டிய துணி இழுத்தால் விரியத்தான் செய்யும். ஆனால் அது மட்டும்தான் காரணமா? பழைய செய்தித்தாளை எடுங்கள். நாலாக மடியுங்கள். இடுப்பு 28 இன்ச் என்று வைத்து, 28-ஐ ஆறால் வகுத்து, அந்த ஆரத்தில் வெட்டுங்கள். விரித்து, வெட்டிய விளிம்பில் நூலை ஓட்டி அளங்கள். 29 இன்ச்சைத் தாண்டும். காகிதம் விரியாது. அப்படியென்றால் குற்றவாளி துணி மட்டுமில்லை, அந்த ஆறும்தான். சரி, ஆறுக்குப் பதில் எது? ஒவ்வொரு பெஞ்சும் வேறு வேறு இடுப்புக்கு வெட்டட்டும். எண்கள் கொஞ்சம் கொஞ்சம் பிசகும், பிசகட்டும். அந்தப் பிசகிய புள்ளிகளை வரைபடத்தாளில் வைத்து நடுவே ஒரு கோடு இழுத்தால், அதுதான் உண்மையான வரைபடக் கணக்கு. செலவு, ஒரு செய்தித்தாளும் கத்தரிக்கோலும்.

'கையால் செய்து பார்ப்பது நிரூபணம் ஆகாதே' என்று கணிதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ரொம்பச் சரி. கை பொய் சொல்லும். 8-க்கு 8 சதுரத்தை இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகமாக வெட்டி, மாற்றி அடுக்கினால் 5-க்கு 13 செவ்வகம் வரும். 64 கட்டம் 65 ஆகிவிடும். கண்ணால் பார்த்து, கையால் அடுக்கி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, பத்தாம் வகுப்பின் சாய்வை எடுக்க வேண்டும். முக்கோணத்தின் சாய்வு 3/8, சரிவகத்தின் சாய்வு 2/5. ஒன்று 0.375, இன்னொன்று 0.4. மூலைவிட்டமாகத் தெரிந்தது ஒரே கோடு இல்லை. நடுவே மயிரிழை போல ஒரு இடைவெளி, அதன் பரப்பு சரியாக 1 கட்டம். நிரூபணம் எதற்கு என்று எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை, ஐந்து மார்க்குக்கு என்று நினைத்திருந்தேன். கை ஏமாறுகிற இடத்தில்தான் நிரூபணத்துக்குப் பசிக்கும். பசியே இல்லாதவனுக்கு ஊட்டுவதைத்தான் நாம் பாடம் என்கிறோம்.

கடைசியாக ஆசிரியர்கள் சொல்வது: 'நேரம் இல்லை.' இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. ஐம்பது பிள்ளைகள், முக்கால் மணி நேர வகுப்பு, வாராந்திரத் தேர்வு, அதற்கு மேல் சென்டம் எத்தனை என்று கேட்கும் நிர்வாகம். ஆனால் ஒன்று கேட்கலாம். பல பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பாடத்தை டிசம்பருக்குள் முடித்துவிட்டு, மிச்ச மாதங்களில் திரும்பத் திரும்ப ரிவிஷன் டெஸ்ட் வைக்கிறார்களே, அது யாருடைய நேரம்? அதில் நாலே நாலு வகுப்பு போதும். நிர்வாகம் விடாது என்றால், அதற்கு நேரமில்லை என்று பெயர் வைக்காதீர்கள். பயம் என்று சொல்லுங்கள். நேர்மையாக இருக்கும்.

போன மாதம் அம்மாவுக்குக் காகிதத்தை வெட்டிக் காட்டினேன். டேப்பை என்னிடமிருந்து வாங்கி அவரே ஒருமுறை அளந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப சின்னப் பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே கால் இன்ச் எப்படிடா சரியா வரும்?"

வராது. இடுப்பு 20 என்றால் கழிக்க வேண்டியது 0.15 இன்ச்தான். 40 என்றால் 0.3. நூறு மார்க் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. எட்டாவதோடு நின்றவர், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.