சங்கத்துக்குச் சொந்த வண்டி

சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கவேண்டும் என்ற கோரிக்கை இப்பொழுது பல சங்கங்களின் கூட்டங்களில் எழுகின்றது. வாடகை வண்டிக்குக் கொடுத்துச் சலித்த அங்கத்தினர்கள் அவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும், வண்டியின் விலையைப்பற்றி நெடுநேரம் விவாதிக்கும் நாம், அது மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வினவுவதே இல்லை.

10 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டி 8 ஆண்டுகளுக்குப்பின் 3 லட்சத்துக்கு விலைபோவதாகக் கொள்வோம். தேய்மானம் மாதத்துக்கு ஏறத்தாழ 7,300 ரூபாய். ஓட்டுநர் சம்பளம் 18,000. இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று முதலியவற்றுக்கு 4,000 என்று வைத்தால், வண்டி கொட்டகையில் நின்றாலும் மாதச் செலவு 29,300 ரூபாய். டீசல், டயர், பழுதுபார்ப்புக்குக் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் சேர்த்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 40 ரூபாய் ஆகின்றது. 3,000 கிலோமீட்டர் ஓடினால் 21 ரூபாய்தான். கடன் வட்டி இதில் சேரவில்லை.

மாதத்தில் சில நாட்களே நூல் ஏற்றும் நெசவாளர் சங்கம் தனியே வண்டி வாங்குவது ஆகாது என்பது என் அபிப்பிராயம். அண்டையிலுள்ள விவசாயிகள் சங்கத்தோடு கூடி வாங்கலாம். சின்னாளபட்டித் தறிகளும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும் ஒரே மாவட்டத்தில்தானே இருக்கின்றன! ஆனால் ஓர் எச்சரிக்கை: தக்காளிச் சாறும் உரமூட்டையின் உப்பும் படிந்த தட்டில் மறுநாள் சேலைக்கட்டுகளை ஏற்றினால் கறை நிச்சயம், தட்டும் துருப்பிடிக்கும். ஒவ்வொரு நடைக்குப்பின்னும் தட்டைக் கழுவி உலர்த்துவதையும், நல்ல தார்ப்பாய் ஒன்று வைத்திருப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுதல் நலம்.

2020 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி செய்யப்பட்ட டீசல் வண்டிகள் பலவற்றில், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எஞ்சின் நன்கு சூடேறி, தடையின்றிச் சிறிது தூரம் ஓடினாலன்றி அக்கரி எரிந்து நீங்காது. ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டராக ஓட்டும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது ‘பிறகு பார்க்கலாம்’ என்னும் ஓட்டுநரால் சங்கத்துக்குப் பெருஞ்செலவு நேரும்.

அளவுக்குமேல் பாரம் ஏற்றுவதும் சிக்கனமன்று. பட்டை வில்லும் டயரும் கெடுவதோடு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

யாவற்றினும் கவலைக்குரியது வேறொன்று. திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் அங்கத்தினர் குடும்பங்களைப் பின்தட்டில் ஏற்றிச் செல்வது வழக்கமாகியிருக்கின்றது. மறுத்தால் நிர்வாகக் குழுவினருக்கு மனத்தாங்கல். இது சட்டவிரோதம். சரக்குக்கு உரியவருக்கும் அவர் பிரதிநிதிக்கும் உள்ள இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது. விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு வண்டிக்கு உடையவரான சங்கத்தின்மேல் விழும். அங்கத்தினர் சிறுகச்சிறுகச் சேர்த்த நிதியே கரையும்.

ஆகவே வண்டி வாங்கத் தீர்மானம் இயற்றும் கூட்டத்திலேயே, ஓட்டக் குறிப்பேடு எழுதுவது யார், சாவி யாரிடம் இருக்கும், மாதந்தோறும் 7,300 ரூபாயை எந்தக் கணக்கில் ஒதுக்குவது என்பவற்றையும் பதிவுசெய்யவேண்டும். தலைவரின் சொந்த வேலைக்கு வண்டி போனாலும் கிலோமீட்டர் கட்டணத்துக்கு ரசீது போடப்படவேண்டும்.