விளக்குக்கு நெய் வார்ப்பது யார்?

சென்ற மார்கழியில் கோவைக்குப் போயிருந்தோம். எங்கள் இலக்கிய வட்டத்தின் மூத்த வாசகர் ஒருவர் அங்கே, நகருக்கு மேற்கே சிறுவாணிச் சாலையை ஒட்டிய முதியோர் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமானபின் சென்னை வீட்டை விற்றுவிட்டு, நூல்களை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தவர். புதிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பற்றிப் பேசத்தான் போனோம். ஆனால் அன்று அவர் பேசியதெல்லாம் ஒரு பெட்டியைப் பற்றி.

குடியிருப்பின் மன்றக் கட்டடத்து வாயிலருகே சுவரில் பொருத்தப்பட்ட வெண்ணிறப் பெட்டி அது. உள்ளே, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி. பெட்டிக்கு மேலே ஒரு பித்தளைப் பலகை. தந்தையின் நினைவாகக் கருவியை வழங்கிய, அயல்நாட்டில் வாழும் மகனின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வந்து நான்காண்டுகள் ஆகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் சன்னதியின் மணியையும் விளக்கையும் துலக்கும் பெண்மணி இந்தப் பலகையையும் சேர்த்தே துலக்கிவிடுவார். நாங்கள் பார்த்த அன்றும் அது பளபளவென்றிருந்தது.

ஐப்பசியில் ஒரு விடிகாலை, நடைபாதையில் முதியவர் ஒருவர் சரிந்து விழுந்தார். முதலில் ஓடிவந்தவர் இரவுக் காவலர். "பெட்டிச் சாவி மேனேஜர்கிட்ட இருக்குங்க" என்றாராம். மேலாளரின் வீடு பேரூரில். யாரோ கண்ணாடியை உடைத்துக் கருவியை எடுத்தார்கள். அது விழிக்கவே இல்லை. பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது; நெஞ்சில் ஒட்டவேண்டிய பட்டைகளின் காலக்கெடுவும் முடிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர இருபது நிமிடங்களுக்கு மேலாயிற்று. கருவி இயங்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. இயங்காததால் அந்த வாய்ப்பு அவருக்கு இல்லாமற்போனது என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்தக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. முன்னதில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடிருப்பார். பின்னதில் இதயத்தின் மின்னொழுங்கு குலைந்து, அது துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகிறது. இரத்தம் நகர்வதில்லை, மனிதர் சில நொடிகளில் நினைவிழக்கிறார். மின்னதிர்ச்சி அந்த நடுக்கத்தை ஒருகணம் முற்றாக நிறுத்துகிறது. பிறகு இதயம் தன் பழைய தாளத்தைத் தானே கண்டுகொள்ளக்கூடும். நெஞ்சழுத்தமும் இன்றி, அதிர்ச்சியும் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைத் தின்றுவிடும் என்பது மருத்துவர்களின் கணக்கு. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்குப் பயிற்சி தந்து செய்த ஆய்வொன்று 2000இல் வெளிவந்தது. பிறர் கண்ணெதிரே விழுந்து, மூன்று நிமிடங்களுக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அதற்கு மேல் தாமதமானவர்களில் 49 விழுக்காட்டினர். உயிர் பிழைக்க உகந்த இடம் சூதாட்ட விடுதி என்று எந்த நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

1965 வாக்கில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பாண்ட்ரிட்ஜ் இதை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. கார் பேட்டரிகளால் இயங்கியது. இன்று ஒரு மதிய உணவுப் பையின் அளவு. இதயத்தின் தாளத்தைத் தானே ஆராய்ந்து, தேவையானால் மட்டுமே அதிர்ச்சி தரும். ஆகவே தவறாகக் கையாண்டு யாரையாவது கொன்றுவிடுவோமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் டீஃபிபிரிலேட்டர், மருத்துவமனைக்கு வெளியே வைக்கும் இவ்வகையை ஏ.இ.டி. என்கிறார்கள். நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேட எங்களில் ஒருவர் அங்கேயே முனைந்தார். "பெயர் கிடைப்பதற்குள் அடுத்த பேட்டரியும் தீர்ந்துவிடும்" என்றார் ஆசிரியர்.

அந்த இறப்புக்குப் பின் கூடிய குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரே கேள்விதான் எழுந்ததாம்: புதிய கருவிகளுக்கு யார் பணம் தருவது? விடைகளுக்குக் குறைவில்லை. கட்டிய நிறுவனம் தரட்டும் என்றார்கள் சிலர். அரசு தரட்டும் என்றார்கள் சிலர். ஏதாவது ஆலையின் சமூகப் பொறுப்பு நிதியில் கேட்கலாம் என்றார் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. இன்னொரு மகன் தரத் தயாராக இருப்பதாகவும் செய்தி வந்தது. வேண்டியவர் தம் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளட்டும் என்ற குரலும் எழுந்தது.

கடைசிக் குரலிலிருந்து தொடங்குவோம். தனியே வசிக்கும் ஒருவர் நினைவிழந்து விழுந்தபின் தமக்குத்தாமே பட்டைகளை ஒட்டிக்கொள்ள முடியாது. தம்பதியராக இருந்தாலும், எண்பது வயதுத் துணைவி நள்ளிரவில் தனியாக என்ன செய்வார்? மாரடைப்பு கண்டு மீண்ட ஏழாயிரம் பேரைக் கொண்டு, அவர்களுள் பாதிப் பேரின் வீட்டில் இக்கருவியை வைத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2008இல் வெளியானது. கருவி இருந்த வீடுகளில் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இந்தப் பொருள் பக்கத்து வீட்டாரை நம்பிப் படைக்கப்பட்டது. தனிச்சொத்தாக அதற்குப் பயன் குறைவு.

கட்டிய நிறுவனத்தைப் பொறுத்தவரை, புதிதாக விற்கும் குடியிருப்புகளில் கருவியைப் பொருத்தித் தருவது அதன் கடமை என்போம். 'இருபத்துநான்கு மணி நேர மருத்துவ வசதி' என்று விளம்பரத்தில் அச்சிட்டு விலையேற்றுபவர்கள் இதைக்கூடத் தரவேண்டாமா? 2019இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுகால இல்லங்களுக்கென மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினாலொழிய அவை நன்னெறிகளே. ஆனால் சங்கத்திடம் பொறுப்பை ஒப்படைத்து ஆண்டுகள் பல ஆனபின், ஒவ்வொரு பட்டைக்கும் பேட்டரிக்கும் பழைய நிறுவனத்தின் வாசலில் நிற்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

அரசிடம் கேட்பதில் எங்களுக்குத் தயக்கம் அதிகம். சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் அரசு வைக்கட்டும், வைக்கவேண்டும். மதிற்சுவரும் காவற்கூண்டும் எழுப்பி, அயலார் பெயரை ஏட்டில் எழுதி உள்ளே விடும் ஓரிடத்துக்குப் பொதுப்பணத்தைக் கேட்பது நியாயமாகாது. நிறுவனங்கள் ஈட்டும் நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதையே சொல்வோம். அந்தப் பணத்துக்கு வேறு வாசல்கள் காத்திருக்கின்றன.

எஞ்சுவது மகன்களின் கொடை. இதுவே எல்லோருக்கும் பிடித்த விடை. பழைய கோயிற்சுவர்களைப் படித்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் புதிதன்று. சோழர் காலத்து நந்தா விளக்குக் கொடைகளில் விளக்கைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்துவிடும். மீதியெல்லாம் நெய்யைப் பற்றியது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். சில ஊர்களில் 90. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஆடுகளைப் பெற்ற இடையரின் பெயரையும் அவருக்குப் பிணை நின்ற உறவினரின் பெயரையும்கூட விடாமல் குறித்துவைத்திருக்கின்றன. அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். ஆடு மூப்படையும், சாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையலாகாது என்பது பொருள். விளக்கை ஏற்றுவது எளிது, எரியவைப்பதே செலவு என்று அறிந்தவர்கள் கண்டுபிடித்த சொல் அது. தமிழில் எங்களை வியக்கவைத்த சொற்களுள் இதற்கு என்றும் இடமுண்டு.

பித்தளைப் பலகைக்குரிய மகன் விளக்கைக் கொடுத்தார், ஆடுகளைக் கொடுக்கவில்லை. அவரைக் குறைசொல்வதற்கில்லை, யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. பிழை, அதைப் பெற்றுக்கொண்ட கைகளுடையது. இலவசமாக வந்ததால் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரி இல்லை. வரி இல்லாததால் ஆண்டுக் கணக்கு ஆய்வில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதே கட்டடத்தின் மின்தூக்கிக்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. அவை பழுதானால் ஒரு மணி நேரத்தில் தொலைபேசி அலறும்.

ஆகவே எங்கள் தரப்பு இது: பணம் குடியிருப்பின் பொதுப் பணமாகவே இருக்கவேண்டும், எல்லா வீடுகளும் தரவேண்டும். தொகையைப் பார்த்தால் இத்தனை வாதம் எதற்கு என்று தோன்றும். இருநூறு வீடுகள், இரண்டு கருவிகள் என்று கொள்வோம். கருவி ஒன்று லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை. மேல்விலையையே எடுத்தாலும் மூன்று லட்சம். வீட்டுக்கு 1500 ரூபாய். வங்கி வட்டியில் காலம் தள்ளும் கைம்பெண்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள் என்பதால் இதைச் சங்கத்தின் இருப்பு நிதியிலிருந்து எடுப்பதே முறை. பட்டைகளை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பேட்டரியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றவேண்டிவரும். ஐந்தாண்டில் ஒரு கருவிக்கு ஐம்பதாயிரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு நூறு ரூபாய். கொடையளிக்க விரும்பும் மகன்கள் இந்த நிதியில் பெயரின்றிச் சேரட்டும், அல்லது காவலர்களின் பயிற்சிச் செலவை ஏற்கட்டும்.

கூட்டத்தில் ஒரு அம்மையார் சொன்னதை ஆசிரியர் எங்களிடம் சொன்னபோது சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. "நாங்கள் இங்கே வந்ததே நிம்மதியாகப் போவதற்கு. போகிற உயிரை மின்சாரம் பாய்ச்சி இழுக்க நான் எதற்குப் பணம் தரவேண்டும்?" என்றாராம். இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. கண்ணியமாக இறக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018இல் ஏற்றது. முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கும் நடைமுறையை 2023இல் எளிதாக்கவும் செய்தது. அந்த அம்மையார் தம் விருப்பத்தை எழுதி, மருத்துவரிடமும் பிள்ளைகளிடமும் சங்க அலுவலகத்திலும் தந்துவைக்கலாம். அதை மதிக்கப் பிறர் கடமைப்பட்டவர்கள். ஆனால் நூறு ரூபாயிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை என்றே எண்ணுகிறோம். தரைத்தளத்தில் வசிப்பவரும் மின்தூக்கிக்குப் பணம் தருகிறார். அவருடைய வாசலில் கோலமிடும் பெண்ணுக்கு வயது நாற்பது. அவள் நிம்மதியாகப் போவதற்காக அங்கே வரவில்லை.

அந்தப் பெண்ணையும் காவலர்களையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த வளாகத்தில் விழித்திருப்பவர்கள் காவலர்களே. அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். கருவி எந்த மொழியில் பேசும் என்று வாங்கும்போதே கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கட்டளையிடும் கருவி அவர்கள் கையில் அரைக்கருவிதான். சாவி என்ற ஒன்றே கூடாது. இரண்டில் ஒன்றை மதிலின் வெளிப்புறம், காவற்கூண்டின் பக்கச்சுவரில் வைக்கச் சொன்னோம். எதிரே தேநீர்க்கடை, சற்றுத் தள்ளி அரசுப் பள்ளி, அதற்கப்பால் ஊர். திருடிவிடுவார்கள் என்று உடனே எதிர்ப்பு வரும். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஒரு பவுண்டு கொடுத்து ஏற்றுக்கொண்ட ஊர்ச்சபைகள் பல, தெருவோரத்தில்தான் இக்கருவியை வைத்திருக்கின்றன. நம் ஊர் வேறு என்பார்கள். வேறுதான், ஆனால் காவற்கூண்டில் இரவும் பகலும் ஆள் இருக்கிறார், அந்தக் கூண்டுகளில் யாரும் இல்லை.

தை மாதக் கூட்டத்தில் ஆசிரியர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். நிதி பற்றிய பகுதி சிறு பெரும்பான்மையில் நிறைவேறியது. வெளிச்சுவரில் வைப்பது ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பழைய பித்தளைப் பலகையை என்ன செய்வது என்று தொலைபேசியில் கேட்டார். அங்கேயே இருக்கட்டும், அதன் கீழே பட்டைகளின் காலக்கெடுவையும் பேட்டரி மாற்றிய தேதியையும் எழுத ஒரு சிலேட்டு மாட்டுங்கள் ஐயா என்றோம். வெள்ளிக்கிழமை துலக்கும் பெண்மணிக்கு எழுதப் படிக்கத் தெரியுமாம். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சிலேட்டில் ஒரு கோடு போடும் வேலையை, மாதம் இருநூறு ரூபாய் கூடுதல் ஊதியத்துக்கு, அவரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள்.