அகன்ற பலகையும் குறுகிய மனமும்

பனிச்சறுக்கு உலகில் 1990-களிலிருந்து ஓயாமல் நடந்துவரும் வழக்கொன்று உண்டு. ஆழ்ந்த பொடிப்பனிக்கென்று செய்யப்பட்ட அகன்ற ஸ்கீ பலகைகள் அக்கலைக்கு ஆக்கமா, கேடா என்பதே அவ்வழக்கு. அகலம் என்பது திறமையற்றவனின் ஊன்றுகோல் என்பர் ஒரு சாரார். அகலமே விடுதலை, எல்லாப் பனிக்கும் எல்லார்க்கும் அதுவே போதும் என்பர் மறுசாரார். இரு சாராரும் தவறுகிறார்கள் என்பதே நம் கட்சி. முன்னவர் தவறு செருக்கினால் வந்தது. பின்னவர் தவறு வணிகத்தால் வந்தது.

மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் தமிழாசிரியருக்கு ஆல்ப்ஸ் மலை வழக்கில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் ஸ்கீ பலகைமீது நின்றவர் அல்லோம். ஆனால் இவ்வழக்கின் முடிச்சு ஒரு சொல்லில் கிடக்கிறது. சொல்லை ஆராய்வது நம் தொழில். தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்நுனித் துளியையும் குறிக்கும். விடியற்காலை மூடுபனியையும் குறிக்கும். இமயத்து வெண்பனியையும் உறைந்து கல்லான கட்டியையும் குறிக்கும். முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த நம் முன்னோர் வானிலிருந்து பஞ்சாக உதிரும் வெண்பனியைக் கருதி அவ்வாறு வகுத்தாரல்லர். வெண்பனி விழாத நாட்டில் இந்தச் சொல்வறுமை மன்னிக்கத்தக்கது. வெண்பனியிலேயே வாழ்பவர்கள் பனியெல்லாம் ஒன்றே என்பதுபோல் வாதாடுவதுதான் மன்னிக்கத்தகாதது.

முதலில் வரலாறு. 1980-களில் சறுக்குப்பலகை என்றால் ஆளுயரத்தை விஞ்சி இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். காலணி பொருந்தும் நடுப்பகுதி 65 மில்லிமீட்டர் அளவில் ஒடுங்கியிருக்கும். அந்நடுப்பகுதியை அவர்களும் 'இடை' என்றே அழைக்கிறார்கள். நுண்ணிடை பாடிப் பழகிய மரபில் வந்த நமக்குப் பழைய கட்சியாரின் மயக்கம் புரியாததன்று. 1988-இல் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரூப்பர்ட் ஹூபர் என்ற பொறியாளர் ஒரு ஸ்னோபோர்டை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துக் காலுக்கொன்றாகப் பூட்டிப் பார்த்தார். அந்த வழியில் பிறந்த பலகையின் இடை 110 மில்லிமீட்டரைத் தாண்டியது. 'கொழுத்த பையன்' என்ற பட்டப்பெயர் அதற்குக் கிடைத்தது. பெயரிலேயே ஏளனம் இருப்பதைக் காண்க. ஹெலிகாப்டரில் விருந்தினரை ஏற்றிச்சென்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் சறுக்கவிடும் மைக் வீகலியின் நிறுவனம் போன்றவையே அதை முதலில் அரவணைத்தன. காரணம் எளிது: முன்பு அரைநாளில் தொடை தளர்ந்து உட்கார்ந்தவர்கள் இப்போது மாலைவரை சறுக்கினார்கள்.

அடுத்து வந்தவர் ஷேன் மெக்கான்கி. ஆழ்ந்த பொடிப்பனி தரையைவிட நீரையே ஒத்தது என்று கண்டவர் அவர். அலாஸ்காவின் பனிமலையில் நீர்ச்சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு இறங்கியே காட்டினார். அவர் கருத்தில் உருவாகி 2002-இல் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட பலகையின் பெயர் 'ஸ்பாட்டுலா'. நம் அடுக்களைத் தோசைத்திருப்பிதான். முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து, வழக்கத்துக்கு நேர்மாறாக நடுவில் அகன்று முனைகளில் ஒடுங்கியது அது. 2006-இல் கே2 நிறுவனத்தின் 'பான்டூன்' வந்தபோது இடை 130 மில்லிமீட்டரை எட்டிவிட்டது.

இதைத்தான் மரபுக்கேடு என்கிறார்கள் பழைய கட்சியார். எந்த மரபுக்கு என்று கேட்கிறோம். ஸ்வீடனின் கால்வ்ட்ரெஸ்க் என்னுமிடத்தில் 1924-இல் ஒரு சதுப்பிலிருந்து எடுக்கப்பட்ட மரப்பலகை ஏறத்தாழ 5,200 ஆண்டுகள் பழமையானது; அதன் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். அல்தாய் மலைமக்கள் குதிரைத்தோல் போர்த்து இன்றும் செய்துகொள்ளும் பலகைகளும் அகன்றவையே. உதிர்பனியில் வேட்டைக்குச் சென்றவனுக்கு மிதக்க வேண்டிய தேவை இருந்தது. மிதக்க அகலம் வேண்டியிருந்தது. ஒடுங்கிய இடை என்பது பந்தயத்தடமும் அழுத்திச் செப்பனிட்ட சரிவும் பெருகிய காலத்தின் வடிவம். ஒரு நூற்றாண்டு வழக்கத்தை ஆதிமரபென்று மயங்குவது நம் இலக்கியத் திண்ணைகளிலும் காணாத காட்சியன்று.

திறமையைக் குறைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். எண்பது கிலோ எடையுள்ள ஒருவரைக் கொள்வோம். பலகையின் நீளம் 180 சென்டிமீட்டர். இடையகலத்தையே முழுநீளத்துக்கும் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், 65 மில்லிமீட்டர் பலகையில் பனிமீது விழும் பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 34 கிராம்; 115 மில்லிமீட்டரில் 19 கிராம். இவ்வளவுதான் இரகசியம். குறுகிய பலகையில் முனை புதையாதிருக்க உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரு பாதங்களையும் ஒட்டி ஒன்றாக்கி, துள்ளித் துள்ளித் திரும்ப வேண்டும். அது அழகுதான். ஆனால் அவ்வழகுக்குப் பல பனிக்காலங்களின் பயிற்சியும் இளமையின் தொடைவலிமையும் விலை. ஐம்பதைக் கடந்தவருக்கும், ஆண்டுக்கு ஒரு வாரமே விடுப்புக் கிடைப்பவருக்கும் அந்த வாயில் சாத்தியே கிடந்தது. அகன்ற பலகை அதைத் திறந்தது. கடினமானது ஆகவே உயர்ந்தது என்பது வாதமன்று. உள்ளே நிற்பவன் தாழ்ப்பாளுக்குச் சொல்லும் புகழுரை.

யாப்பை விட்டவன் கவிஞனே அல்லன் என்று நம்மிடையே நடந்த நெடிய வழக்கை இங்கு நினைக்காமலிருக்க இயலவில்லை. வெண்பாவின் அருமையை நாம் மறுக்கவில்லை. வகுப்பறையில் ஆண்டுதோறும் அதைக் கற்பிக்கிறோம். ஆயினும் தளை தட்டாததே கவிதை ஆகாதது போல, தளையை விட்டதும் கவிதை ஆகிவிடாது. இதன் பின்பாதி புதிய கட்சியாருக்கு உரியது.

புதிய கட்சியாரிடம் நாம் கேட்பது ஒன்றே: கடும்பனியில் என்ன ஆகிறது? இயந்திரத்தால் அழுத்திய சரிவிலும் இரவில் உறைந்த பனியிலும் பலகை மிதப்பதில்லை. அதன் எஃகு விளிம்பே பனியை அறுத்துப் பிடிக்கிறது. 65 மில்லிமீட்டர் பலகையில் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு 32 மில்லிமீட்டர் தொலைவில், ஏறக்குறையக் காலணியின் நேர்கீழே இருக்கிறது. 115-இல் அத்தொலைவு 57 மில்லிமீட்டர். நெம்புகோலின் கை நீண்டுவிட்டது. சாய்த்த பலகையைச் சரிவு மீண்டும் தட்டையாக்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் சுமை முழங்காலில் ஏறும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறும் நேரமும் கூடும். மேல்நோக்கி வளைந்த முனைகள் பனியைத் தொடாமையால் பிடிப்பின் நீளமும் குறையும். எடையும் கூடுதலாதலால், கால்நடையாக மலையேறிச் சறுக்குவோர் ஒவ்வொரு அடியிலும் அதைத் தூக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் நிலையிலுள்ளவர் இதையே பூட்டினால் விளிம்பை ஆளும் அடிப்படைப் பாடத்தையே பிழையாகக் கற்பார்.

அப்படியிருந்தும் விற்றது யார், வாங்கியது யார்? திரைப்படங்களில் அலாஸ்காவின் செங்குத்தில் வெண்புகை கிளப்பி இறங்கும் வீரனின் பலகையை, விடுமுறை முழுதும் செப்பனிட்ட சரிவைவிட்டு அகலாத குடும்பத்தலைவருக்கு விற்றார்கள். அவர் வாங்கியது கனவை. சுமந்தது அவர் முழங்கால். புவி வெப்பமாதலால் ஆல்ப்ஸின் விடுதிகள் இயந்திரப்பனியை மேன்மேலும் நம்பியிருக்கும் காலம் இது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் சரிவுகள் ஏறத்தாழ முழுதும் செயற்கைப்பனியால் ஆனவை. இயந்திரப்பனி அடர்ந்தது, கடினமானது. பொடிப்பனி அரிதாகும் சரிவுகளிலும் பொடிப்பனிப் பலகை பெருகியதென்றால் அதைத் தேவையென்று கொள்வதா, விளம்பரத்தின் வெற்றியென்று கொள்வதா?

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு; அது பலகையினுடையதன்று, பலகை தரும் தைரியத்தினுடையது. பொடிப்பனி தேடுவோர் செப்பனிட்ட தடத்துக்கு வெளியே செல்கிறார்கள். பாளம்பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள மலைச்சரிவுகளில் நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்புவதும் அதே சாய்வை. புதையுண்டவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாக வீழ்கிறது. முன்பு அந்தச் சரிவை அடையப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் கால் சறுக்கக் கற்றதோடு கண் பனியைப் படிக்கவும் கற்றது. இன்று கால் ஒரே நாளில் அங்கே சென்றுவிடுகிறது, கண் வந்துசேரவில்லை. பழைய கட்சியார் இந்த ஒன்றை முன்வைத்து வாதாடியிருந்தால் நாம் அவர் பக்கம் நின்றிருப்போம். அவர்களோ உயிரை விட்டுவிட்டு அழகைப் பற்றிப் பேசினார்கள். மருந்து வாயிலைச் சாத்துவதன்று. தேடுகருவியும் மண்வாரியும் துழாவுகோலும் இன்றித் தடம் தாண்டுதல் கூடாது. அவற்றைக் கையாளப் பழகாமலும் கூடாது. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமலும் கூடாது. பலகை விற்பவன் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஆகவே நம் தீர்ப்பு இது. செப்பனிட்ட சரிவே பெரும்பொழுது என்பவருக்கு 75 முதல் 85 மில்லிமீட்டர் போதும். இரண்டும் கலந்து செல்பவர் 90-க்கும் 100-க்கும் இடையில் நிற்கட்டும். ஹொக்கைடோவிலோ யூட்டாவிலோ முழங்காலளவு புதுப்பனி விழுந்த காலையில் 110-ஐப் பூட்டுவதில் வெட்கம் ஏதுமில்லை. அன்று ஒருநாள் வாடகைக்கு எடுத்தாலும் ஆகும். அகலம் ஏமாற்று வேலையன்று. எங்கும் அகலம் என்பதே ஏமாற்று.

மறுப்போர் தாராளமாக மறுக்கலாம். ஆனால் பலகையின் அகலத்தைச் சொல்லுமுன் எந்தப் பனி என்று சொல்லிவிட்டுத் தொடங்குக. நம் மொழியில் அதற்குச் சொற்கள் குறைவுதான். அதனாலேயே சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கும். விரித்துச் சொல்லும்போதே வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.